ராகிக் களி முதல் காலைப் பொங்கல் வரை: பள்ளி அடுப்பும் நம்ம வீட்டு அடுப்பும்



இந்த மலரில் சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு, பயிற்சி, தொழில் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு சாப்பாடு. "சாப்பாட்டுக்கு என்ன வரலாறு இருக்கு, ஆக்கினோம், தின்னோம்" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இன்றைக்கு நம் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் விடியற்காலையில் எழுந்து பள்ளிக்கூடத்து அடுப்பைப் பற்ற வைக்கிறார்களே, அந்த அடுப்புக்கு நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. நம் வீட்டு அடுப்புக்கு அதைவிடப் பழைய கதை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் பிள்ளைகளுக்கு நாளைக்கு எதை ஆக்கிப் போடுவது என்பது தெளிவாகும்.

நிலைத்து நிற்கிற உணவு என்று இப்போது கூட்டங்களில் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்து அதற்கு மூன்று கால் வேண்டும். நிலம் தாங்க வேண்டும், கைக்காசு தாங்க வேண்டும், ஆக்கிப் போடுகிற பெண்ணின் உடம்பும் தாங்க வேண்டும். முதல் இரண்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மூன்றாவதை நாம்தான் பேச வேண்டும்.

அந்தக் காலத்துத் தட்டு

நம்ம தர்மபுரி மாவட்டம் மானாவாரி பூமி. ஆடி, ஆவணியில் விழுகிற மழையை நம்பித்தான் விதைப்பு. ராகி விதைத்தால் அது மட்டும் நிற்காது. இடையில் சாலு போட்டு அவரை, துவரை, கடுகு, சோளம் எல்லாம் வரும். ராகி களிக்கும் கூழுக்கும் ஆச்சு. அவரையும் துவரையும் குழம்புக்கு ஆச்சு. தட்டையும் தாளும் மாட்டுக்கு ஆச்சு. ஒன்று போனால் ஒன்று கைகொடுக்கும். கரட்டுப் பக்கமும் மலைப் பக்கமும் சாமை, தினை, வரகு. கொள்ளு எங்கேயும் உண்டு. களைவெட்டப் போனால் மடியில் பண்ணைக்கீரையோ தொய்யக்கீரையோ இல்லாமல் யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை.

களியும் கீரைக் கடைசலும், கூழும் வெங்காயமும், மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாள் நீராகாரம். அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு. வெயில் காலத்தில் காய் மலிந்தால் வற்றல், வடகம். எதுவும் குப்பைக்குப் போனதில்லை. ராகியைப் பத்திரமாகச் சேர்த்து வைத்தால் பல வருஷம் பூச்சி விழாமல் இருக்கும். பஞ்ச காலத்துக்கு அதுதான் வங்கி.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிடக் கூடாது. நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மழை பொய்த்தால் அந்தக் கூழும் ஒரு வேளைதான். இன்னொன்று, அந்தச் சாப்பாட்டின் பாரம் முழுக்கப் பெண்ணின் தோளில்தான் இருந்தது. ராகியைத் திரிகையில் அரைக்க வேண்டும். சாமையையும் வரகையும் உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, உமி நீக்க வேண்டும். காட்டு வேலைக்குப் போய்வந்த பிறகு இதெல்லாம். எல்லாரும் தின்ற பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதுதான் அவளுக்கு.

சிறுதானியம் ஏன் நம்ம வீட்டை விட்டுப் போச்சு என்று கேட்டால், ரேஷன் அரிசி வந்துச்சு, பிள்ளைங்க ருசி மாறிப்போச்சு என்று சொல்கிறோம். அது சரிதான். ஆனால் உலக்கையைக் கீழே வைத்த பெண்ணுக்கு அரிசி ஒரு விடுதலை மாதிரி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை மறந்துவிட்டு "பழைய சாப்பாட்டுக்குத் திரும்புங்க" என்று பெண்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் அது நிலைக்காது.

ஓரணாவில் ஆரம்பித்தது

பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுகிற யோசனை காமராசர் காலத்தில்தான் பிறந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்கும் முன்பே சென்னையில் ஒரு முயற்சி நடந்தது. 1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம்விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் பசி என்பதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு அது. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கும் போனது.

தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று அன்றைய வெள்ளைக்கார அரசாங்கம் மறுத்ததால் 1925-ல் அது நின்றது. பிள்ளைகள் வருகை குறைந்தது. 1927-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். சாப்பாடு படிப்புச் செலவா, தர்மச் செலவா என்ற வழக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது. அந்த வழக்கு தீர இன்னும் பல வருஷம் ஆனது.

குன்னூர் எலிகள் சொன்ன சேதி

அதே சமயத்தில் நீலகிரியில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918-ல் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். கால் மரத்து, வீங்கி, இதயம் பாதிக்கிற நோய் அது. தீட்டின பச்சரிசியையே நம்பி வாழ்கிறவர்களுக்கு அதிகம் வந்தது. புழுங்கலரிசி சாப்பிடுகிற ஊர்களில் குறைவு. நெல்லைப் புழுக்கும்போது மேல்தவிட்டில் இருக்கிற பி1 என்ற தயாமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. நெல் அவிக்கத் தெரிந்த நம் பாட்டிகளுக்கு அந்தச் சத்தின் பேர் தெரியாது. ஆனால் அந்தப் பழக்கம் ஊரைக் காத்தது.

மெக்காரிசன் இன்னொரு சோதனையும் செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுவதைப் போலவே சமைத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், காய் என்று சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. வெறும் அரிசியும் கொஞ்சம் தொட்டுக்கொள்வதுமாகச் சாப்பிட்ட எலிகள் தேறவில்லை. அரிசி கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. தட்டு நிறைய ஒன்றே ஒன்றைப் போட்டு, பருப்பு, கீரை, பால், முட்டை எல்லாம் ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தால் உடம்பு வளராது என்பதுதான் சேதி. குன்னூரில் இருந்த அந்த ஆய்வுக்கூடம்தான் பிறகு 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நம் அங்கன்வாடியில் ஒட்டியிருக்கிற சத்துணவு அட்டவணைகளின் வேர் நம்ம ஊர் மலையில்தான் இருக்கிறது.

ஊர் கூடி ஆக்கிய சோறு

1954-ல் முதலமைச்சரான காமராசர் ஊர் ஊராகப் போகிறவர். மாடு மேய்க்கிற ஒரு பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டார், அவன் போனால் சோறு யார் போடுவார்கள் என்று திருப்பிக் கேட்டான் என்று சொல்வார்கள். அந்தக் கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, அந்தக் கேள்வி அன்றைக்கு ஒவ்வொரு குடிசையிலும் இருந்தது.

1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அன்று பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதை ஊர் ஊராகக் கொண்டு போனார். அரசாங்கம் முழுச் செலவையும் ஏற்கிற நிலைமை இல்லை. ஒரு சாப்பாட்டுக்கு அரசு 6 பைசா, ஊர்மக்கள் 4 பைசா என்று பங்கு வைத்தார்கள். பணம் இல்லாதவர்கள் தானியம், காய், விறகு கொடுத்தார்கள். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியாக எடுத்து வைக்கிற பழக்கம் நம் ஊர்களில் பழசு. வாரா வாரம் சிறு தொகை எடுத்து வைத்து வளர்ந்த நம் குழுக்களுக்கு இது புதுசாகத் தெரியாது. சிறு துளிதான் அன்றைக்குப் பள்ளிப் பானையை நிரப்பியது.

1961 முதல் கேர் என்ற அமெரிக்க உதவி நிறுவனம் பால்பவுடர், எண்ணெய், தானியம் கொடுத்து உதவியது. அந்தக் காலத்தில் படித்தவர்களுக்குப் பால்பவுடர் வாசம் இன்னும் நினைவிருக்கும். உதவி வந்தது நல்லதுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருவதை நம்பி ஒரு பிள்ளையின் தட்டை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது. கடைசியில் நம் அரசு, நம் தானியம், நம் சமையல் என்றுதான் திட்டம் நிலைத்தது.

அரிசி தட்டுக்கு வந்த கதை

1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி தேர்தலையே புரட்டிப் போட்டது. அதற்கு முன் அரிசிப் பஞ்சம் அந்த அளவுக்கு இருந்தது. பிறகு வந்த அரசுகள் எல்லாமே ரேஷன் கடையை விடவில்லை. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. பட்டினி என்ற சொல்லை நம் வீடுகளில் இருந்து விரட்டியதில் ரேஷன் கடைக்குப் பெரிய பங்கு உண்டு. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் அதனோடு இன்னொன்றும் நடந்தது. அரிசி இலவசமாக வீட்டுக்கு வரும்போது, ராகியைக் காசு கொடுத்து வாங்கவோ, கஷ்டப்பட்டு விளைவிக்கவோ மனசு வரவில்லை. காடுகளில் மாமரமும் வேறு பணப்பயிரும் வந்தன. களி வயசானவங்க சாப்பாடு, சர்க்கரைக்காரங்க சாப்பாடு என்று ஆனது. பிள்ளைகள் கண்ணில் அது ஏழை வீட்டுச் சாப்பாடாகவும் ஆனது.

1982: மூன்று பெண்கள், ஒரு மையம்

1982 ஜூலை 1-ம் தேதி திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கிராமத்துப் பாலர் பள்ளிகளில் 2 வயசு முதல், தொடக்கப் பள்ளியில் 9 வயசு வரை பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு. அதே வருஷம் செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-ல் 15 வயசு வரைக்கும் விரிந்தது. இவ்வளவு செலவு தேவையா, தொழிற்சாலை கட்டலாமே என்று பெரிய படிப்பாளிகள் கேட்டார்கள். சின்ன வயசில் பசியை அனுபவித்தவர் என்பதால் அவர் பின்வாங்கவில்லை.

நமக்கு முக்கியமான விஷயம் இன்னொன்று. ஒவ்வொரு மையத்திலும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. காலம் காலமாக வீட்டுக்குள் கூலி இல்லாமல் செய்த வேலைக்கு முதல் தடவையாக அரசு ஒரு சம்பளத்தைக் கொடுத்தது. சம்பளம் போதாது என்று அவர்கள் இன்று வரை போராடுகிறார்கள், அந்தப் போராட்டம் நியாயம். ஆனாலும் சமையல் ஒரு வேலை, அதற்குக் கணக்கு உண்டு, கூலி உண்டு என்று அந்தப் பெண்கள் ஊருக்குக் காட்டினார்கள்.

அதே சமயம் 1980-ல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கியது. கைக்குழந்தைகளை மாதா மாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைகளுக்குச் சத்துருண்டை கொடுத்தார்கள். சில இடங்களில் அந்த உருண்டையை ஊர்ப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பிடித்தார்கள். சுய உதவிக் குழு என்ற பேர் வருவதற்கு முன்பே பெண்கள் கூடிப் பிள்ளைக்குச் சோறு ஆக்கிய கதை அது.

முட்டை ஏறிய கணக்கு

வெறும் சோறும் சாம்பாரும் போதாது என்பது மெல்லப் புரிந்தது. 1989-ல் முதலமைச்சர் கலைஞர் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது. 1998-ல் வாரம் ஒன்று, 2006-ல் வாரம் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் வாரம் ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். நடுவில் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் சேர்ந்தன. பிறகு தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், கீரை சாதம் என்று கலவை சாதங்களும் மசாலா முட்டையும் வந்தன. ஆட்சி மாறினாலும் தட்டில் ஏறியதை யாரும் இறக்கவில்லை.

2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 1920-ல் ஆரம்பித்த வழக்குக்கு அன்றைக்குத்தான் தீர்ப்பு வந்தது என்று சொல்லலாம். பள்ளிச் சாப்பாடு தர்மம் இல்லை, பிள்ளையின் உரிமை.

நாடு முழுக்க வைத்திருக்கிற அளவைப் பாருங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு மதியச் சாப்பாட்டில் தானியம் 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். நடுநிலைப் பள்ளிக்கு 150, 30, 75, ஏழரை. அரிசியில் ஐந்தில் ஒரு பங்கு பருப்பு, பாதி காய். இந்தக் கணக்கை நம் வீட்டுப் பானையோடு ஒப்பிட்டால் நமக்கே தெரியும். நம்மில் பல வீடுகளில் ஒரு ஆழாக்குப் பருப்பு இரண்டு நாளைக்கு ஓடுகிறது.

நம்ம குழுவும் நம்ம அடுப்பும்

1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மகளிர் குழுக்களை முதலில் தொடங்கியது நம்ம தர்மபுரியில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் இதோடு சேர்ந்திருந்தது. பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று போய், 1997-98-ல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்க விரிந்தது. முட்டை தட்டில் ஏறிய அதே வருஷம் நம்ம குழு பிறந்தது. சேமிப்பு நோட்டோடு கிளம்பிய பெண்கள் முப்பது வருஷம் கழித்துப் பள்ளி அடுப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.

2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் தொடங்கி 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2024 ஜூலையில் கிராமத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. கிராமங்களில் சமைக்கிறவர்கள் நம் சுய உதவிக் குழுப் பெண்கள். அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும், குழுவில் மூன்று வருஷமாவது இருந்திருக்க வேண்டும், அதே பள்ளியில் தன் பிள்ளை படிக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கடைசி விதியை யோசித்தவருக்குக் கும்பிடு போடலாம். தன் பிள்ளை தின்கிற சட்டியில் எந்தத் தாயும் புழு அரிசியைப் போட மாட்டாள்.

உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று முறை வைத்து, காய் போட்ட சாம்பாரோடு. ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ 50 கிராம், பருப்பு 15 கிராம். 40 பிள்ளை வந்தால் 2 கிலோ ரவை, 600 கிராம் பருப்பு. வந்த பிள்ளையை எண்ணி, அளந்து போட்டு, ஆக்கியதைத் தின்று முடிக்கிற கணக்கு. உள்ளூரில் கிடைக்கிற சிறுதானியத்தை வாரத்தில் இரண்டு நாளாவது சேர்க்கலாம் என்று அரசாணையே வழி விட்டிருக்கிறது. நம்ம மாவட்டத்தில் அதை ராகியும் சாமையுமாக மாற்றிக் காட்டுவது நம் கையில்தான்.

ரேஷனிலும் ஒரு திருப்பம் வந்திருக்கிறது. 2023 மே மாதம் முதல் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் அட்டைக்கு மாதம் 2 கிலோ ராகி, அரிசிக்குப் பதிலாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். விவசாயிகளிடம் நேரடியாக ராகி கொள்முதலும் நடக்கிறது. அந்த வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. அரிசி எந்த வழியாக நம் வீட்டுக்குள் வந்ததோ, அதே வழியாக ராகியும் திரும்பி வருகிறது.

ஒரே பந்தி

இதில் ஒரு கசப்பையும் எழுதாமல் விட முடியாது. காமராசர் காலத்திலேயே பள்ளிச் சாப்பாட்டின் பெரிய சாதனை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்ததுதான். ஆனால் 2018-ல்கூட திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் தடுத்தார்கள். அந்த அம்மா போராடி வேலையைக் காத்துக்கொண்டார். 2023-ல் காலை உணவு விரிந்தபோதும், சில ஊர்களில் பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்த செய்திகள் வந்தன. மக்கள் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சரிசெய்தார்கள்.

அப்படித் தடுக்கப்பட்டவள் நம்மைப் போல ஒரு குழுப்பெண். தடுத்தவர் வீட்டிலும் ஒரு குழுப்பெண் இருந்திருக்கலாம். வட்டமாக உட்கார்ந்து சேமிக்கிறோம், ஒரே நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். அவள் கைச்சோற்றை நம் பிள்ளை தின்னாது என்றால் அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? எந்த ஊரிலும் இப்படி ஒரு பேச்சு எழுந்தால், அதிகாரி வரும் வரை காத்திருக்காமல் கூட்டமைப்புத்தான் முதலில் போய்ப் பந்தியில் உட்கார வேண்டும்.

பள்ளியில் இருந்து வீட்டுக்கு

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் 10 பெண்களுக்கு 4 பேர் உடல் எடை கூடியவர்கள். வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. மெக்காரிசனின் எலிகள் சொன்ன அதே சேதியை இப்போது நம் உடம்பு சொல்கிறது. இதில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்கள் வேறு. பிள்ளை பள்ளியில் நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் உப்பும் எண்ணெயும் நிறைந்த பொட்டலத்தைத் தின்கிறது. காலிப் பொட்டலம் ஓடையில் கிடக்கிறது.

இந்த நூறு வருஷக் கதையில் இருந்து வீட்டுக்கு எடுத்து வரக்கூடியவை எளிமையானவை.

முதலாவது, அளவு. பள்ளியில் எண்ணி ஆக்குவது போல வீட்டிலும் யார் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டு உலை வைப்பது. மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் நீராகாரம். அது பழங்கஞ்சி என்று கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாவது, தட்டின் பங்கு. சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பும் காயும் கூட்டுவது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டின அரிசியில் 10 மில்லிகிராம்கூட ஒழுங்காக இல்லை. ரேஷன் ராகி 2 கிலோவை விற்காமல், வாரத்தில் இரண்டு நாள் களி, ஒரு நாள் ராகி அடை, பிள்ளைக்குச் சாயங்காலம் ராகிப் புட்டு என்று பிரித்தால் மாசம் ஓடிவிடும்.

மூன்றாவது, பருவத்துக் காயும் கொல்லைக் கீரையும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, கொஞ்சம் கறிவேப்பிலை. பள்ளி வளாகத்திலும் அதே. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அதன் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து வீணாகும். சந்தைக்குப் போகும்போது மஞ்சப்பை.

நான்காவது, பொட்டலத்துக்குப் பதில் வேர்க்கடலை உருண்டை, பொரி, சுண்டல். நம் குழுக்களே செய்து விற்கிற பொருள்தான். பள்ளி வாசலில் நம் கடலை உருண்டை இருந்தால் பொட்டலம் தானாகக் குறையும்.

ஐந்தாவது, இதுதான் எனக்கு முக்கியம். இந்த வேலை முழுக்க அம்மா தலையில் விழக் கூடாது. திரிகைக்குப் பதில் இன்று மாவு மில் இருக்கிறது. சாமையின் உமியை நீக்க எந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் இல்லாவிட்டாலும் நாலைந்து ஊராட்சிக்கு ஒன்று என்று நம் கூட்டமைப்பு ஒரு அரவை எந்திரம் வைத்து நடத்தலாம். கீரை ஆய்வதும், தட்டைக் கழுவி வைப்பதும் பையனுக்கும் தெரிய வேண்டும், வீட்டுக்காரருக்கும் தெரிய வேண்டும். பள்ளியில் பையனும் பெண்ணும் ஒரே வரிசையில் தட்டுக் கழுவுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பையன் கை மட்டும் ஏன் நின்று போகிறது?

அதோடு, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. பள்ளிப் பந்தியில் கடைசிப் பிள்ளைக்கும் அதே அளவு, அதே முட்டை. வீட்டுப் பந்தியில் கடைசியில் உட்கார்கிறவளுக்கும் அதே அளவு இருக்க வேண்டும். ரத்தசோகைக்கு மாத்திரை மட்டும் மருந்தாகாது.

நம் கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள்

இந்த மலர் வெளியாகிற ஆண்டில் நாம் மூன்று தீர்மானம் போடலாம் என்று நினைக்கிறேன். காலை உணவு சமைக்கிற நம் பெண்களுக்கு மதிப்பூதியம் உயர வேண்டும், அடுப்பில் சுட்டுக்கொண்டாலோ விழுந்தாலோ காப்பீடு வேண்டும் என்று கூட்டமைப்பு எழுதிக் கேட்பது ஒன்று. நம் பள்ளிகளுக்கான ராகி, சாமை, பருப்பை நம் உறுப்பினர்களின் நிலத்திலிருந்தே வாங்க வழி கேட்பது இரண்டு. மாதம் ஒரு முறை குழுக் கூட்டத்தில் வரவு செலவு படித்த பிறகு, "இந்த மாசம் உன் வீட்டில் நீ எத்தனை நாள் முட்டை சாப்பிட்டே, எத்தனை நாள் கீரை சாப்பிட்டே?" என்று ஒவ்வொருத்தியையும் கேட்டு நோட்டில் எழுதுவது மூன்று.

முதல் இரண்டுக்கும் அரசாங்கத்தின் பதில் வர வேண்டும். மூன்றாவதுக்கு யார் உத்தரவும் வேண்டாம். அடுத்த கூட்டத்திலேயே ஆரம்பித்துவிடலாம்.